நிழலில் நிற்கும் ஊசியிலைக் கன்று: சாகவும் இல்லை, வளரவும் இல்லை

கரவெட்டி வாத்தியார் எழுதியது:

வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சென்ற கிழமை ஒளித்தொகுப்புப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, நோர்வேயில் இருக்கும் மாமா அனுப்பிய படம் ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்து காட்டினாள். ஸ்புரூஸ் என்ற உயர்ந்த ஊசியிலை மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டின் தரையில், முழங்கால் உயரத்தில், அதே இனத்தைச் சேர்ந்த சிறு கன்றுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கின்றன. அவற்றிற் சில தன்னைவிட வயது கூடியவை என்று மாமா படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார்.

மாணவி கேட்டது இதுதான். ஒளி போதாவிட்டால் கன்று சாக வேண்டும், போதுமானால் வளர வேண்டும். நாற்பது ஐம்பது வருடம் இரண்டையும் செய்யாமல் எப்படி நிற்கிறது? அதோடு விடவில்லை. மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்குப் போனபோது மரங்களுக்கு அடியில் சவுக்கங்கன்று ஒன்றையும் தான் காணவில்லை என்றும், அங்கே ஏன் நோர்வேயைப் போலக் கன்றுகள் காத்து நிற்கவில்லை என்றும் கேட்டாள்.

ஈடுசெய் புள்ளியைப் பற்றிப் பாடநூலில் உள்ளதைச் சொன்னேன். அவள் திருப்திப்படவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் திருப்தியில்லை. ஊசியிலைக் காடுகளை நேரில் அறிந்தவர்கள் இங்கே இருந்தால் விளக்கமாக எழுதுங்கள்.

---

செம்மண் எழுதியது:

ஒரு திருத்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவுக்கு ஊசியிலை மரம் அன்று. அது பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைப்பது கணுக்கணுவாக உள்ள பச்சை நிறக் கிளைதான். உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவையும் சுற்றிச் சிறு பற்களைப் போல ஒட்டியிருக்கின்றன. காயும் பார்வைக்குத்தான் கூம்பு. யாழ்ப்பாணத்தில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் எதுவும் இல்லை. ஆனாலும் மாணவியின் ஒப்பீடு வீண்போகாது. சவுக்கு கடுமையான வெயில் விரும்பி என்பதால், ஊசியிலை மரங்களில் வெயில் விரும்பிகளான பைன் வகைகளுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கலாம்.

---

ஒஸ்லோவில் ஒரு வடமராட்சியான் எழுதியது:

சேர், நான் இங்கே பல கோடைகாலங்கள் காட்டில் மரம் நடும் வேலை செய்தவன். நோர்வேயில் ஸ்புரூஸை கிரான் என்றும் பைனை ஃபூரு என்றும் சொல்வார்கள். காட்டு வேலைக்கு வருபவன் முதல் நாளே கற்றுக்கொள்வது இந்த இரண்டின் குணவேறுபாட்டைத்தான். கிரான் நிழலில் பொறுத்து நிற்கும். ஃபூருவுக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே பைன் காட்டை வெட்டுகிறவர்கள் விதைக்காகச் சில தாய்மரங்களை ஐதாக விட்டுவிட்டு மற்றதை எல்லாம் வெட்டித் தரையை வெயிலுக்குத் திறந்துவிடுவார்கள்.

மாணவியின் கேள்வியில் மறைந்திருக்கும் ஓர் எண்ணத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும். நிழலைத் தாங்குவது வேறு, நிழலை விரும்புவது வேறு. எந்த ஊசியிலைக் கன்றும் முழங்கால் உயரத்தில் நிற்பதற்காக நிழலைத் தேடிப் போவதில்லை. நிழல் தாங்கும் இனம் என்பது, குறைந்த வரவுக்குள் செலவை அடக்கிக்கொள்ளத் தெரிந்த இனம். ஓர் இலை தொகுக்கும் சீனியும் அதே இலை சுவாசத்தில் எரிக்கும் சீனியும் சமமாகும் ஒளி அளவுதான் சேர் வகுப்பிற் சொன்ன ஈடுசெய் புள்ளி. ஊசியிலைக் கன்றுகள் பலவற்றில் அது முழு வெயிலின் ஓரிரு சதவீதத்தை ஒட்டியது. ஆனால் அது இலையின் கணக்கு. தண்டும் வேரும் ஒளித்தொகுப்புச் செய்யாமலே சுவாசிக்கின்றன. ஆகையால் முழுக்கன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்த ஓரிரு சதவீதம் போதாது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் ஹெம்லொக் என்ற மரத்தின் கன்றுகள், நிழல் தாங்குவதிற் பேர்போனவை. அவையே முழு வெயிலில் ஏறத்தாழ 5 சதவீதம் கிடைத்தால்தான் பிழைத்திருக்கின்றன.

"ஏன் வளரவில்லை" என்பதற்கான விடையும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கன்று உயர உயர, இலையின் பங்கு குறைந்து, சோறு போட வேண்டிய மரப்பகுதியின் பங்கு கூடுகிறது. எனவே ஒரு சாண் கன்று தாக்குப்பிடிக்கும் அதே நிழல், இரண்டு ஆள் உயரக் கன்றைக் கொன்றுவிடும். சிறிதாக இருப்பதுதான் அதன் பிழைப்பு. நிழலில் நிற்கும் ஸ்புரூஸ் கன்றுகளின், ஃபிர் என்ற இன்னோர் ஊசியிலை மரத்தின் கன்றுகளின் உருவத்தைப் பார்த்தாலே இது விளங்கும். வெயிலில் நிற்கும் கன்றில் நுனித்தண்டு பக்கக் கிளைகளைவிட நீண்டு, கோபுரம்போல மேலே போகும். நிழலில் நிற்பதில் நுனித்தண்டு ஆண்டுக்கு ஓரிரு சென்ரிமீற்றர் மட்டும் நீள, பக்கக் கிளைகள் அதைவிடக் கூடுதலாக நீண்டு, கன்று விரித்த குடையைப் போலத் தட்டையாகிவிடும். அங்குமிங்கும் சொட்டும் ஒளியைப் பிடிப்பதற்கு ஏந்திய தட்டு என்று அதைச் சொல்லலாம். இங்குள்ள வனத்துறைக்காரர்கள் நுனித்தண்டின் நீளத்தைப் பக்கக் கிளையின் நீளத்தோடு ஒப்பிட்டே, மேலே உள்ள மரத்தை வெட்டினால் இந்தக் கன்று எழும்புமா எழும்பாதா என்று மதிப்பிடுகிறார்கள்.

ஊசிகளும் மாறுகின்றன. வெயில் ஊசி தடித்து, கிளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நெருங்கி நிற்கும். ஃபிர் மரத்தின் நிழல் ஊசியோ மெலிந்து, அகன்று, சீப்பின் பற்களைப் போல இரண்டு வரிசையில் படுத்திருக்கும். நிழலில் ஊசிகள் உதிராமல் கூடுதல் ஆண்டுகள் தங்கியும் இருக்கும். புது ஊசி செய்வதற்குச் செலவு அதிகம் என்பதால் பழையதையே வைத்துப் பயன்படுத்துகிறது. நம் வீடுகளில் வருமானம் சுருங்கிய காலத்தில் அம்மாமார் செய்ததும் இதுதானே.

ஐரோப்பாவின் சில்வர் ஃபிர் இப்படி நூறு ஆண்டுகளுக்கு மேலும் நிழலில் ஒடுங்கியிருந்துவிட்டு, மேலே ஒரு மரம் விழுந்து இடைவெளி திறந்ததும் எழுந்து பெருமரமாகும். மாணவியின் மாமா எழுதியதை நான் நம்புகிறேன்.

---

மண்வெட்டி எழுதியது:

எல்லாம் ஒளியாலே என்று எழுதுவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். நான் கோண்டாவிற் பக்கம் தோட்டம் செய்கிறவன். வேலியில் நிற்கும் பூவரசுக்கும் கிளுவைக்கும் பக்கத்தில் உள்ள வரம்பில் மிளகாய் ஒருபோதும் சரியாக வராது. நிழல்தான் காரணம் என்று கிளைகளை வெட்டிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு அப்பா சொன்னபடி வேலியோரமாக முழங்கால் ஆழத்தில் ஒரு கான் வெட்டி, உள்ளே வந்த வேர்களை அறுத்துவிட்டேன். அந்தப் போகத்திலேயே மிளகாய் தலைநிமிர்ந்தது. பெரிய மரத்தின் கீழ் உள்ள கன்றுக்குக் கிடைக்காதது தண்ணீரும் பசளையும்தான் என்பது என் அனுபவம். உங்கள் ஊசியிலைக் காட்டில் மட்டும் இது வேறாக இருக்குமா?

---

பரமேஸ்வராச் சந்தி எழுதியது:

மண்வெட்டி அண்ணைக்குத் தெரியுமோ தெரியாது, அவர் வேலியோரம் செய்தது வனவியலில் மிகவும் பிரசித்தமான ஒரு பரிசோதனை.

19 ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய வனவியலாளர்கள் மரங்களை ஒளி மரம், நிழல் மரம் என்று இரண்டாகப் பிரித்து, அந்தப் பிரிவினையை வேதவாக்காக வைத்திருந்தார்கள். 1904 இல் ஃபிரிக்கே என்பவர், பெரிய பைன் மரங்களின் கீழ் நலிந்து நின்ற பைன் கன்றுகளைச் சுற்றிக் கான் வெட்டி, பெரிய மரங்களின் வேர்களைத் துண்டித்தார். ஒளி ஒரு துளியும் கூடவில்லை. ஆனாலும் கன்றுகள் செழித்தன. ஒளி மரம், நிழல் மரம் என்ற பிரிவுக்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று அவர் எழுதியது அக்காலத்திற் பெரிய சர்ச்சையானது. பின்னர் அமெரிக்காவில் டூமி, கீன்ஹோல்ஸ் ஆகிய இருவர் பைன் காட்டின் கீழே கான் வெட்டிய பாத்திகளைப் பற்றிய முடிவுகளை 1931 இல் வெளியிட்டார்கள். வேர் அறுக்கப்பட்ட பாத்திகளுக்குள் செடிகளும் கன்றுகளும் மண்டி வளர, சுற்றியிருந்த தரை முன்போலவே வெறுமையாகக் கிடந்தது.

அப்படியானால் ஃபிரிக்கே சொன்னது முழுக்கச் சரியா என்றால், இல்லை. அவர் வேலை செய்தது பைன் காட்டில். பைனின் உச்சிக் கிளைப்பரப்பு ஐதானது. அதன் கீழே ஓரளவு ஒளி எப்போதும் விழுகிறது. ஒளி ஓரளவு இருக்கும் இடத்தில், அதுவும் வறண்ட மண்ணில், வேர்ப்போட்டிதான் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் அடர்ந்த ஸ்புரூஸ் காட்டுக்குள் முழு வெயிலின் சில சதவீதமே தரையை அடைகிறது. அங்கே எத்தனை கான் வெட்டினாலும் பைன் கன்று பிழைக்காது. தண்ணீர் இருந்தாலும் அதைக் கொண்டு சீனி செய்ய ஒளி வேண்டும்.

இவை இரண்டும் தனித்தனிக் காரணங்களும் அல்ல. ஒளி குறைந்தால் கன்று தன் சீனியை இலைக்கே கூடுதலாக ஒதுக்குகிறது; வேருக்குப் போகும் பங்கு குறைகிறது. வேர் ஆழம் போகாத கன்று, ஒரு கோடையில் மேல்மண் காய்ந்ததும் செத்துப்போகிறது. செத்தது வறட்சியால் என்றுதான் நாம் எழுதிவைப்போம். அதை வறட்சியின் கையிற் பிடித்துக் கொடுத்தது நிழல். மண்வெட்டி அண்ணையின் மிளகாய்க்கு நம் ஊர் வெயில் தாராளமாக இருந்தபடியாலேதான் கான் வெட்டியது பலித்தது.

---

மண்வெட்டி எழுதியது:

சரி, ஏற்றுக்கொள்கிறேன். அறுபது வருடத்துக்கு முன் அப்பாவிடம் கேட்டிருந்தால் ஜெர்மன்காரருக்கு அவர் பதில் சொல்லியிருப்பார்.

---

திண்ணை நிழல் எழுதியது:

என் கேள்வி சிறியது. ஆனால் இதே விடயம்தான் என்று நினைக்கிறேன். கிறிஸ்மஸ் மரம் என்று நாம் சொல்லும் அரோகேரியாக் கன்று ஒன்றைச் சாடியில் வாங்கி, இரண்டு வருடம் விறாந்தையில் வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது, முற்றத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். வெயில் காணட்டும் என்று பங்குனி மாதம் முற்றத்தின் நடுவில் வைத்தேன். பத்து நாளிற் பாதிக்கு மேல் பழுப்பாகிவிட்டது. கன்று வாங்கிய இடத்திற் கேட்டபோது தண்ணீர் காணாது என்றார்கள். நானோ காலையும் மாலையும் ஊற்றினேன். நிழலில் ஏங்கி நின்ற கன்றுக்கு ஒளி கொடுத்தால் எழும்பும் என்றுதானே மேலே எழுதியிருக்கிறீர்கள்?

---

ஒஸ்லோவில் ஒரு வடமராட்சியான் எழுதியது:

அக்கா, நீங்கள் செய்தது நல்ல எண்ணத்தோடுதான். செய்த வேகம்தான் பிழை. இங்கே காட்டை ஒரேயடியாக மொட்டையாக வெட்டும்போது, அடியில் நின்ற ஸ்புரூஸ் கன்றுகளுக்கும் இதுவே நடக்கிறது.

நிழல் ஊசி மெலிந்தது என்றேன் அல்லவா? அது சிறு ஒளிக்கென்று கட்டப்பட்ட ஆலை. அதன்மேல் முழு வெயிலைக் கொட்டினால், பச்சையம் பிடிக்கும் சக்தி அனைத்தையும் சீனியாக மாற்ற அதனால் இயலாது. மிஞ்சும் சக்தி ஒளித்தொகுப்பு உறுப்புகளையே சேதப்படுத்துகிறது. இதை ஒளித்தடுப்பு என்பார்கள். கூடவே, நிழல் ஊசியின் மெழுகுப்படை மெல்லியதாகையால் நீரிழப்பும் கூடுகிறது; நிழலில் வளர்ந்த சிறிய வேர்த்தொகுதி அந்த இழப்பை ஈடுகட்ட முடியாமல் திணறுகிறது. நீங்கள் ஊற்றிய தண்ணீர் சாடியில் இருந்தது, ஊசிக்குப் போய்ச் சேரவில்லை.

ஸ்புரூஸிலும் ஃபிரிலும் இன்னொரு தாமதமும் உண்டு. இவ்வருடம் நீளப்போகும் தண்டு, சென்ற வருடத்து மொட்டுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மேலே இடைவெளி திறந்த அதே வருடம், கன்று பழைய வரவு செலவுத் திட்டத்தின்படியே வளரும். புதிய ஒளியிற் செய்த மொட்டு அடுத்த வருடம் விரியும்போதுதான் வெயில் ஊசி வரும். அதற்குப் பிறகும் வேர் பெருகிச் சமநிலைக்கு வரச் சில வருடங்கள் ஆகும். அதனால்தான் நிழல் தாங்கும் இனங்கள் உள்ள காடுகளில் மேல்மரங்களை ஒரேயடியாக வெட்டாமல், பல ஆண்டு இடைவெளியிற் கட்டங்கட்டமாக அகற்றுவதைப் பலர் விரும்புகிறார்கள். சுவிற்சர்லாந்திலும் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலும் சில்வர் ஃபிர் காடுகளை, அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் எடுத்து, எல்லா வயதுக் கன்றுகளும் எப்போதும் காட்டில் இருக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கன்றை மாமரத்தின் கீழ் வையுங்கள். பழுப்பான ஊசி திரும்பப் பச்சையாகாது. விழுந்த கீழ்க்கிளை இருந்த இடத்தில் அரோகேரியா புதுக்கிளை விடுவதும் இல்லை. நுனி மொட்டுப் பச்சையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. வெயிலை மாதக்கணக்கிற் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். புகையிலை நாற்றுமேடைக்குப் போட்ட ஓலையை நம் ஆட்கள் எடுக்கும் பக்குவம்தான் இதற்கும்.

---

கரவெட்டி வாத்தியார் எழுதியது:

இவ்வளவு விளக்கம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேலும் ஒன்று கேட்கிறேன். இதுவரை ஒளியின் அளவைப் பற்றியே பேசினோம். இலைகளின் ஊடாக வடிந்து வரும் ஒளியின் நிறம் மாறுகிறதே, அது கன்றைப் பாதிக்காதா? அடுத்து, பகலின் நீளம். நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகியதற்கும் சுமார் ஒரு மணி நேரமே வித்தியாசம். ஒஸ்லோவில் கோடைப்பகல் 19 மணி நேரத்தைத் தொடும், குளிர்காலப்பகல் 6 மணி நேரமாகக் குறுகும். கன்று இதைக் கவனிக்கிறதா?

---

பரமேஸ்வராச் சந்தி எழுதியது:

இரண்டையும் கவனிக்கிறது, அதுவும் ஒரே நிறப்பொருளைக் கொண்டு. பைற்றோகுரோம் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 660 நனோமீற்றர்ச் சிவப்பொளி பட்டால் ஓர் உருவத்துக்கும், 730 நனோமீற்றர்த் தூரச்சிவப்பொளி பட்டால் மற்ற உருவத்துக்கும் அது மாறும். மேலே உள்ள இலைகள் சிவப்பை விழுங்கிவிட்டுத் தூரச்சிவப்பைக் கீழே விடுகின்றன. ஆகவே திறந்த வானத்தின் கீழ் ஒன்றுக்குச் சற்று மேலாக இருக்கும் சிவப்பு, தூரச்சிவப்பு விகிதம், அடர்ந்த மரங்களின் கீழே ஒன்றுக்கு வெகு கீழே இறங்கிவிடும். முகிலால் வந்த இருட்டையும் அயல்மரத்தால் வந்த இருட்டையும் கன்று பிரித்தறிவது இப்படித்தான்.

பிரித்தறிந்தபின் என்ன செய்கிறது என்பதில்தான் இனங்கள் வேறுபடுகின்றன. பைன் போன்ற வெயில் விரும்பிகள், தடிப்பைக் குறைத்துக்கொண்டு உயரம் போக முயல்கின்றன. பக்கத்தில் நிற்பவனை முந்தினால் தப்பலாம் என்ற சூதாட்டம் அது. தன்னை ஒத்த உயரமுள்ள கன்றுகளின் நடுவே அது பலிக்கும். முப்பது மீற்றர் மரத்தின் கீழே பலிக்காது, இருந்த சீனியையும் தண்டில் தொலைத்துவிட்டுச் சாகும். ஹெம்லொக்கும் ஃபிரும் அந்தச் சைகைக்குப் பெரிதாக அசைவதில்லை. நிழல் தாங்குவதில் அவற்றுக்குள்ள திறமையில் இந்த அசையாமைக்கும் ஒரு பங்கு உண்டு.

பகல் நீளத்தைப் பொறுத்தவரை, இரவு நீளத் தொடங்கியதும் ஸ்புரூஸ் கன்று நுனி வளர்ச்சியை நிறுத்தி மொட்டுக் கட்டுகிறது. குளிர் வருமுன்னே ஆயத்தமாவதற்கு வெப்பநிலையைவிடப் பகல் நீளத்தையே அது நம்புகிறது. வடக்கேயிருந்து எடுத்த விதையில் வந்த கன்றைத் தெற்கே நட்டால், அங்குள்ள கோடைப்பகலே அதற்குக் குறுகியதாகத் தோன்றி, காலத்துக்கு முன்பே மொட்டுக் கட்டிக் குள்ளமாக நின்றுவிடும்.

இன்னொன்று உங்கள் வகுப்புக்கு உதவும். இருட்டில் முளைக்கவைத்த பயறு மஞ்சளாகத்தான் வரும். பூக்கும் தாவரங்கள் பச்சையத்தைச் செய்துமுடிக்க ஒளி தேவை. பைன், ஸ்புரூஸ் விதைகளை இருட்டில் முளைக்கவைத்தால் வித்திலை பச்சையாகவே வரும். பச்சையத்தின் கடைசிப் படிகளில் ஒன்றை ஒளியின்றியே செய்யும் நொதியம் அவற்றிடம் உண்டு.

---

ஒஸ்லோவில் ஒரு வடமராட்சியான் எழுதியது:

மகளோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஸ்புரூஸ் விதையை ஈரத் தாளில் வைத்து அலுமாரிக்குள் பூட்டி வைத்தோம். திறந்தபோது வெளிறிய நீண்ட தண்டின் உச்சியில் பச்சை நிற ஊசிகள் நட்சத்திரம்போல நின்றன. பக்கத்துக் கிண்ணத்திற் பயறு மஞ்சள்.

வாத்தியார் சேர் பகல் நீளத்தைக் கேட்டார். நான் சூரியனின் சாய்வையும் சேர்க்கிறேன். யாழ்ப்பாணத்திற் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். ஒரு மரம் விழுந்தால் அந்த இடைவெளியின் நடுவிலேயே வெயில் விழும். ஒஸ்லோவிற் கோடை நண்பகலிலும் சூரியன் 54 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதனால் இடைவெளியின் தெற்கு விளிம்பு நிழலிலேயே கிடக்க, வடக்கு விளிம்புதான் வெயிலைப் பெறுகிறது. இங்கே இடைவெளி பார்த்துக் கன்று நடும்போது நடுப்புள்ளியை விட்டு வடக்கே தள்ளி நிற்பேன்.

---

செம்மண் எழுதியது:

நம் நாட்டிலேயே இதைத் தலைகீழாகப் பார்க்க ஓர் இடம் உண்டு. சிங்கராஜ வனத்தின் எல்லையில் வெட்டவெளியாகக் கிடந்த நிலங்களிற் கரிபியன் பைன் நடப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குணதிலக்க தம்பதியரும் அவர்களோடு பணியாற்றிய அமெரிக்க ஆய்வாளர்களும், அந்தப் பைன் வரிசைகளிற் சிலவற்றை வெட்டி, இடையில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். வரிசைகளை அகற்றித் திறந்த இடத்திற் கன்றுகள், மூடிய பைன் நிழலில் நின்றவற்றைவிட நன்றாக வளர்ந்தன. முடிவுகள் 1997 இல் வெளிவந்தன. இங்கே வெயில் விரும்பியான பைன் தாதியாகிறது; நிழல் தாங்கும் பிள்ளைகள் அதன் மடியில் வளர்கின்றன. பைனின் சொந்தக் கன்றுக்குத்தான் அங்கே வழியில்லை.

---

கரவெட்டி வாத்தியார் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மாணவர்களோடு மணற்காட்டுக்குப் போய்வந்தேன். சவுக்கமரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில் உதிர்ந்த சருகு மெத்தைபோலக் கிடந்தது. மாணவி சொன்னதுபோலவே ஒரு சவுக்கங்கன்றும் இல்லை. கையளவு சருகை விலக்கிப் பார்த்தோம். மேலே ஈரம், கீழே உலர்ந்த மணல். அவ்வளவு சிறிய விதையில் வரும் வேர் அந்தச் சருகைத் துளைத்து மணலைத் தொட்டாலும் அங்கே ஈரமின்றிக் காய்ந்துவிடும் என்று ஒரு மாணவன் சொன்னான். மண்வெட்டி அண்ணை அங்கே இருந்திருந்தால் அவனுக்குக் கை கொடுத்திருப்பார்.

மரங்கள் விழுந்து திறந்துகிடந்த ஓரிடத்தில், சருகு இல்லாத வெறும் மணலில், நான்கு சவுக்கங்கன்றுகளைக் கண்டோம். நிழலுக்குள்ளே நின்றவை இரண்டு வேப்பங்கன்றுகளும் ஒரு பனை வடலியும்தான். மாணவி தன் மாமாவுக்கு அனுப்புவதற்காக வேப்பங்கன்றைப் படமெடுத்துக்கொண்டாள். பண்டாரவளையில் உள்ள என் மைத்துனர் பைன் கூம்புகள் சில அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். விதை வந்ததும் ஆய்வுகூட அலுமாரியில் பயற்றோடு சேர்த்து வைப்போம். விதையை முதலில் நீரில் ஊறவைக்க வேண்டுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

ஒஸ்லோவில் ஒரு வடமராட்சியான் எழுதியது:

ஓர் இரவு ஊறினாற் போதும் சேர். மிதக்கும் விதைகள் பெரும்பாலும் பதர். அவற்றைக் கழித்துவிட்டுத் தாழ்ந்தவற்றை வையுங்கள். அலுமாரியை இடையில் திறந்து பார்க்க மாணவர்களை விடாதீர்கள். சொற்ப நேர ஒளியே பயற்றைப் பச்சையாக்கத் தொடங்கிவிடும், பிறகு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.